சாயல் பார்க்கும் காவலாளி

எங்கள் அலுவலகத்தில் மூன்று வருடமாக யாருமே வேலையை விட்டுப் போகவில்லை, மேடம். விசாரணை என்று வந்துவிட்டீர்கள். இந்த நல்ல விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் தயாரிக்கிறோம். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். இவ்வளவு கலகலப்பான இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மெயில் சர்வர் என் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் நான் 'தபால்காரர்'. வேலைக்கூடத்துக்குள் கைபேசிக்கு அனுமதி கிடையாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "பேங்க், ஸ்கூல், எல்லாத்துக்கும் ஆபீஸ் மெயில் முகவரியையே குடுங்க. நான் பத்திரமா பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். கேட்டுக்கொண்டார்கள்.

அந்த மூன்று வருடத்துக்கு முந்தைய வருடம் ஒன்பது பேர் வேறு வேலை கிடைத்துப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் கேக் வெட்டுவோம். மற்றவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். நான்தான் போனவரின் அஞ்சல் பெட்டியை அழிக்க வேண்டும். "நிச்சயமாக அழிக்கவா?" என்று திரை கேட்கும். வாயில் இனிப்பு காய்வதற்குள் "ஆம்" என்று அழுத்த வேண்டும். ஒன்பது முறை அழுத்தினேன், மேடம்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் கத்தினார். "யோவ் தபால்காரரே, தினமும் எனக்குக் கோடி ரூபா பரிசு விழுதுய்யா. நீ என்னதான் காவல் காக்கற?" குறிப்பிட்ட சொல் இருந்தால் மட்டுமே எங்கள் பழைய சர்வர் கடிதத்தைத் தடுக்கும். 'பரிசு' என்ற சொல்லுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் ஏமாந்துவிடும். எனவே அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறையை, கற்றுக்கொடுத்தேன். பெயர் கேட்காமல், சாயலை வைத்தே ஆளைப் பிடிக்கிற காவலாளி அது. பதினோரு நாள் உழைப்பு. மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு சொந்த ஆர்வத்தில் ஒரு விதி சேர்த்தேன். 'விண்ணப்பம்' என்று வந்து, நடுவில் என்ன இருந்தாலும் சரி, பின்னால் 'ஏற்கப்பட்டது' என்று வந்தால், அந்தக் கடிதம் சர்வரில் யாருக்கும் தெரியாத ஒரு கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை கிடைத்த கடிதங்கள் எல்லாம் அந்தச் சாயல்தான். அதற்குப் பிறகு கேக் பிறந்தநாளுக்கு மட்டும்தான்.

'நடுவில் என்ன இருந்தாலும் சரி' என்றதுதான் என் தவறு.

லிஃப்டுக்கு வரைபடம் வரைகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் பெயரே பென்சில். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் தினமும் வந்து நிற்பாள்.

"அண்ணா, எனக்கு ஏதாவது வந்துச்சா? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா, மெயில்லதான் சொல்லுவோம்ங்கறாங்க."

"வந்தா உன் பெட்டிக்குத்தானேம்மா வரும்? என் சட்டைப் பையிலயா வரும்?"

சிரித்துவிட்டுப் போவாள். அவள் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தாள். இலவசப் பிரிவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை உறையைத் திறந்து பார்த்தேன். "உங்கள் விண்ணப்பம் தாயாரின் இலவச அறுவை சிகிச்சைக்காக ஏற்கப்பட்டது. ஐந்து நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்."

நான்கு நாள் மீதமிருந்தது. விடுவித்திருக்கலாம். ஆனால் எந்த விதி நிறுத்தியது என்பது கடிதத்தின் தலையில் தானாகப் பதிவாகிவிடும். அந்த வசதியைச் சேர்த்தவனும் நான்தான். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. விதி தெரிந்தால் உறையையும் திறந்து பார்ப்பார்கள். உள்ளே பதினேழு வேலைக் கடிதங்கள். ஒரு கடிதத்துக்காக அவ்வளவு பேர் கலைந்து போவதா? உறையை மூடிவிட்டேன். புதன், வியாழன், வெள்ளி, அவள் வந்து கேட்டாள். வரவில்லை என்றேன். கெடு முடிந்த சனிக்கிழமை நானே அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இறுதிச் சடங்குக்கு முதலில் போய் நின்றவனும் நான்தான். "நீங்க இருக்கீங்கல்ல அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் அவளிடம் அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

போன வாரம் அவளுக்கு முறைப்படி மன்னிப்பு விண்ணப்பம் ஒன்று அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. தங்கமான பெண், மேடம், கோபம் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று எழுதியிருப்பாள். அந்த உறையில்தான் மாட்டியிருக்கும். சர்வர் இப்போது உங்களிடம்தானே இருக்கிறது? கொஞ்சம் திறந்து பாருங்களேன்.