நிற்கும் பஸ் கொதிக்க வைத்த தண்ணீர்

அக்கிராசனம் வகிக்கும் பெருந்தகை சற்குணம் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் வாளோடு வீற்றிருக்கும் ஜப்பானிய அதிகாரி அவர்களே! என் தமிழை அன்னாருக்கு இயன்றவரை எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் தம்பி அவர்களே! மார்க்கெட் தெருவின் மாண்புமிகு வணிகர்களே! மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்றும் மனம் தளராத பெரியோர்களே! அந்த ஒரே கிழங்கை ஆறு விதமாய்ச் சமைத்து எங்களை ஏமாற்றும் அன்புத் தாய்மார்களே! டிப்போவில் டிக்கெட் கட்டோடு காலம் தள்ளும் தியாகராஜாவின் தாழ்மையான வணக்கம்.

கடிகாரம் தோக்கியோ நேரப்படி மாலை ஆறு என்கிறது. என் தலையில் காயும் வெயிலோ நாலரைதான் என்கிறது. எதை நம்புவது என்று நான் சொல்லமாட்டேன். பஸ் திரும்பி வரும்வரை பேசு என்பது அக்கிராசனர் கட்டளை. பேசச் சொன்னால் நான் நிறுத்துவேனா? நிறுத்தமாட்டேன் என்று என் மனைவி கனகேஸ்வரி முன்வரிசையில் தலையாட்டுகிறாள்.

ஏன் கூடியிருக்கிறோம் சபையோரே? நம் மின்சார பஸ் ஆயர் ஈத்தாம் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதற்குள்ளே எட்டு பல்புகள் பட்டப்பகலில் எரிகின்றன. அதன் பின்புறத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதிகாரியின் நிபந்தனை இதுதான்: எட்டு பல்பும் எரிந்தபடி, தண்ணீர் கொதித்தபடி பஸ் வந்து சேர்ந்தால், எங்கள் மின்சார வேலைக்காரர் அம்பிகைபாகன் இந்த ஊரிலேயே இருப்பார். ஒரு பல்பு உடைந்தாலும் திங்கட்கிழமை லாரி ஏறுவார். லாரி எங்கே போகும்? சயாம் ரயில் பாதைக்கு. அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் தம்பி, இந்த இடத்தில் மட்டும் 'பஸ் மிக நல்ல பஸ்' என்று சொல்லிவிடுங்கள்.

அம்பிகைபாகன் செய்த குற்றம்தான் என்ன? பஸ்ஸில் பல்புகள் உடைந்தன. இன்று மூன்று, நாளை இரண்டு, மறுநாள் நான்கு. புதுப் பல்பு வரக் கப்பல் ஏது, கடை ஏது? எந்தத் தேதியில் எத்தனை உடைந்தன என்று பட்டியல் எழுதி மேலே அனுப்பியது யார்? நான்தான். உத்தரவு வந்தது, எழுதினேன். அதைப் படித்தவர்கள், வேண்டுமென்றே ஒருவன் உடைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். உடைத்தவர் பெயர் என் பட்டியலில் இல்லை. ஆனாலும் பஸ்ஸைத் தொட்டு வேலை செய்தவர் அவர் ஒருவர்தானே? இந்தக் கை எழுதிய கடுதாசிதான் அவர் கழுத்தில் விழுந்தது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா, பின்வரிசை ஐயா? சரி, கிழங்கு இறங்கவில்லை.

அந்த முடிவு தெரிந்த அன்று நான் வெட்கம் விட்டு அவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அண்ணை, நான் ஒண்டையும் உடைக்கேல்லை. பஸ் நிக்கேக்க கரண்ட் திரும்பி வருது. வாங்கிறதுக்குத்தான் ஆளில்லை" என்றார்.

என்ன சொன்னார், கேட்டீர்களா? பஸ் ஓட மின்சாரம் வேண்டும். அது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பஸ் நின்றால் மின்சாரம் பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருடம் அதே பஸ்ஸில் டிக்கெட் கிழித்த எனக்குத் தெரியாது. ஓடும்போது மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. நிறுத்தும்போதோ சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது வேகம் குறைகிறது, குறைந்த வேகமெல்லாம் மின்சாரமாகி, மேலே ஓடும் கம்பிக்கே திரும்பிப் போகிறது. முன்பு அந்தக் கம்பியில் பதினான்கு பஸ்கள் ஓடின. மேகசின் ரோட்டில் ஒன்று நிற்கும், நின்றது கொடுத்த மின்சாரத்தில் சூலியா தெருவில் இன்னொன்று புறப்படும். ஐயா, பெரியோர்களே, இத்தனை காலமும் நம் தலைக்கு மேலே இப்படி ஒரு கொடுக்கல் நடந்திருக்கிறது, நாம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

இன்று ஓடுவது ஒரே ஒரு பஸ். அது கொடுக்கிறது, வாங்க யாரும் இல்லை. மிஞ்சிய மின்சாரம் எங்கே போகும்? தன் பல்பிலேயே பாய்கிறது, பல்பு வெடிக்கிறது. அப்படியானால் சாதாரண பிரேக்கைப் போட வேண்டியதுதானே என்று அதோ ஓர் அம்மா கேட்கிறார். நல்ல கேள்வி தாயே. பிரேக் கட்டை தேய்ந்து ஒரு வருடம் ஆகிறது, மாற்றக் கட்டை இல்லை. மோட்டாரால் நிறுத்தாவிட்டால் நம் பஸ் கப்பல் ஜெட்டியைத் தாண்டிக் கடலில்தான் நிற்கும்.

இதையெல்லாம் அம்பிகைபாகன் நூர் முகம்மது பாயின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். விறகு கிடைக்காமல் பாய் கடையில் அடுப்பு அணைந்து கிடந்தது. பாய்க்கு மின்சாரம் தெரியாது, தேத்தண்ணி தெரியும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாங்க ஆளு இல்லன்னா தண்ணிக்குக் குடு லா தம்பி. தண்ணி எம்புட்டு சூட்டையும் வாங்கிக்கும்."

அம்பிகைபாகன் அப்படியே எழுந்து போய்விட்டார். குடித்துக்கொண்டிருந்த பச்சைத் தண்ணீரைக்கூட முடிக்கவில்லை. வேலிக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, டின்னுக்கு அடியில் பொருத்தினார். மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் மிஞ்சினால் தானே திறக்கும் மடை ஒன்று செய்தார். மிஞ்சியது பல்புக்குப் போகாமல் சுருளுக்குப் போகும், சுருள் சிவக்கும், தண்ணீர் சுடும். அவர் செய்ததாகச் சொன்னது அவ்வளவுதான். சரியா தவறா என்பதைப் பஸ் வந்துதான் சொல்ல வேண்டும்.

சபையோரே, எண்ணிப் பாருங்கள். இப்போது டிரைவர் வேலு, தாத்தோ கிராமாட் ரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிறார். ஒரு கிழவி இறங்குகிறாள். அவள் இறங்குவதற்காக அடங்கிய வேகம் வெப்பமாகிறது. ஒரு சீனர் கூடையோடு ஏறுகிறார். அவருக்காக நின்ற நிற்பும் வெப்பமாகிறது. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், ஒரு மனிதனின் உயிருக்காகத் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள்.

அதோ. அதோ வருகிறது. யாரும் எழ வேண்டாம், மேடையில் நிற்கிற எனக்குத் தெரிகிறது, நான் எண்ணிச் சொல்கிறேன். உடைந்ததை எண்ணிய வாயால் எரிவதை எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவதை மரம் மறைக்கிறது. வேலு, இன்னும் கொஞ்சம் முன்னால் வா. எட்டு! எட்டும் எரிகிறது ஐயா!

அதிகாரி எழுந்து போகிறார். பஸ்ஸின் பின்புறம் நிற்கிறார். ஆவி அவர் கண்ணாடியை மறைத்துவிட்டது, கழற்றித் துடைக்கிறார். மறுபடியும் டின்னுக்குள் பார்க்கிறார். தம்பி, என்ன சொல்கிறார்?

"திங்கக்கிழம லாரியில இவரு பேரு இல்லைன்னு சொல்றாரு."

கேட்டதா சபையோரே? பின்வரிசைக்குக் கேட்டதா?

பாய் ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி தேயிலையோடு ஓடுகிறார். ஆனால் டின்னின் பிடி கொதிக்கிறது, தொட்டவர்கள் கையை உதறுகிறார்கள். முன்வரிசையிலிருந்து அம்பிகைபாகனின் மனைவி செல்வநாயகி எழுகிறார். வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் மடியில் ஒரு மூட்டை இருந்ததைப் பார்த்தீர்கள். சயாமுக்குக் கட்டிய மூட்டை அது. அதை அவிழ்க்கிறார். கணவருக்கு மடித்து வைத்த துவாய்த் துண்டை எடுத்துப் பிடியில் சுற்றுகிறார். டின்னைத் தூக்கிவிட்டார்.

பஸ் வந்துவிட்டது, அக்கிராசனர் கட்டளையும் முடிந்தது. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், நின்று நின்று வந்த பஸ்ஸுக்கும் நன்றி. வாருங்கள், ஆளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிப்போம். வணக்கம்.