டிரைவர் பக்கத்துத் தோள் பெல்ட்

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவையே. வயது ஐம்பத்து இரண்டு. வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறேன். விபத்தில் இறந்தவர் என் கணவர். விசாரணைக்கு அழைத்து வரப்பட்டிருக்கும் வெல்டிங் பட்டறைக்காரன் என் உடன்பிறந்த தம்பி. அவன்மேல் புகார் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் சொந்த நினைவோடு இதைச் சொல்கிறேன்.

விபத்துக்குள்ளான கார், கூரையைப் பின்னால் மடக்கிவிடும் பழைய மாடல். எங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் என் கணவர் அதைத் துருப்பிடித்த கூடாக வாங்கி வந்தார். அவளுக்குக் கல்யாணமாகிப் போகும்வரை அது ஓடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால் நானும் விட்டுவிட்டேன். சக்களத்தியோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தக் காரில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டுமே இருந்தது. தோளுக்கும் பெல்ட் இல்லாமல் நான் ஏற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதன் பிறகு அவர் காரைத் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். மற்ற கார்களில் தோள் பெல்ட்டின் மேல்முனையைக் கதவோரத் தூணில் மாட்டுவார்கள் என்றும், கூரையில்லாத காரில் அந்தத் தூணே கிடையாது என்றும், வெறும் தகரத்தில் முடுக்கினால் இழுத்த இழுப்பில் கிழிந்து வந்துவிடும் என்றும் தம்பி சொன்னான். அதனால் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குக் கனமான இரும்புத் தகடு வெல்டிங் வைத்தான். அதில்தான் பெல்ட்டின் சுருள் பெட்டியை முடுக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பெல்ட் மாட்டிய அன்று நான் பட்டறைக்குப் போகவில்லை.

சம்பவத்தன்று காலை, பல நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. நான் துணி காயப்போட வந்தபோது என் கணவர் காரின் இரண்டு சீட்டுக்கும் குறுக்கே படுத்திருந்தார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே இருந்தன. "பேசாம பாயைத் தலைகாணியைக் கொண்டாந்து தரேன், அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுங்க" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு, "ஒரே ஒரு ரவுண்டு, பாலம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம், வா" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்ததும் அவரே குனிந்து எனக்குத் தோள் பெல்ட்டை மாட்டிவிட்டார். கழுத்தில் உரசுகிறது என்று குறை சொன்னேன். கைக்குட்டையை மடித்து இடையில் வைத்தார். அவர் பக்கம் இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்ததைப் பார்த்து, "உங்களுக்கு எங்க?" என்று கேட்டேன். "எனக்குப் பிடிச்சுக்க ஸ்டீயரிங் இருக்கு. உனக்கு என்ன இருக்கு?" என்றார். தம்பி என் பக்கத்தை முதலில் முடித்திருப்பான், அவர் பக்கம் பிறகு போடுவான் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

பாலத்துக்கு முன்னால், ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று சந்திலிருந்து பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. அவர் பிரேக் போட்டார். ஈரத்தில் வண்டி நிற்காமல் போய் மோதியது. அதன் பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில்தான் நினைவு வந்தது. ஸ்டீயரிங்கில் மார்பு மோதி அவர் இறந்தார் என்று டாக்டர் சொன்னார். என் தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் அழுந்திய தடம் கருநீலமாக இருக்கிறது. கொஞ்ச நாளில் மறைந்துவிடும் என்று அதே டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அது மறைய வேண்டாம் என்று எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவரின் அண்ணன் எல்லோர் முன்னாலும் என் தம்பியின் சட்டையைப் பிடித்து, "அக்காவுக்கு வெண்ணெய், எங்க தம்பிக்குச் சுண்ணாம்பாடா?" என்று கேட்டார். என் கணவர் அவர் தூக்கி வளர்த்த தம்பி. அவரை நான் குறை சொல்லவில்லை. என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, அக்கா பக்கம் மட்டும்தான் போட்டேன் என்று சொன்னான். பிறகு இந்தக் காவல் நிலையத்திலும் அப்படியே சொல்லியிருக்கிறான்.

இன்று அடையாளம் காட்டுவதற்காகக் காரின் போட்டோக்களை ஆய்வாளர் என்னிடம் காட்டினார். என் தம்பிக்குப் பட்டறை வட்டாரத்தில் 'மஞ்சக்கோடு' என்று பெயர். எந்த போல்ட்டை முடுக்கினாலும், அதன் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பான். பிறகு யாராவது கழற்றினால் கோடு ஒட்டாது, காட்டிக்கொடுத்துவிடும். போட்டோவில் டிரைவர் பக்கத்துத் தகட்டில் போல்ட் இல்லை. ஓட்டைகளைச் சுற்றி மஞ்சள் கோடு பாதி பாதியாக நின்றது. என் பக்கத்தில் போல்ட்டுகளின் தலையில் மட்டும் மஞ்சள் இருந்தது, தகட்டில் ஒரு பொட்டுகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஆய்வாளரின் அனுமதியோடு, அவர் முன்னிலையிலேயே தம்பியைக் கேட்டேன். முதலில், நான்தான் போட்டேன் அக்கா என்றான். "அப்ப என் பக்கம் கோடு எங்கடா?" என்று கேட்டதும் உட்கார்ந்து அழுதான். வந்த இரண்டு பெல்ட்டில் ஒன்று, வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிற்கவில்லை என்றும், அதைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு நல்லதை டிரைவர் பக்கம் மாட்டியதாகவும், மாற்று வரும்வரை அக்காவை ஏற்ற வேண்டாம் என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னதாகவும் சொன்னான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "மாமா தன்னோடதைக் கழட்டி உனக்குக் குடுத்தாருன்னு தெரிஞ்சா நீ உசிரோட இருக்க மாட்டேன்னு பயந்தேன் அக்கா" என்றான்.

ஆகவே என் தம்பி முன்பு சொன்னது பொய். அவன் வேலையில் எந்தக் குறையும் இல்லை. அவன் வைத்த தகடு தாங்கியதால்தான் இங்கே உட்கார்ந்து பேசுகிறேன். சம்பவத்தன்று காலை என் கணவரே டிரைவர் பக்கத்துத் தோள் பெல்ட்டைத் தெரிந்தே கழற்றி என் பக்கம் மாட்டினார். தம்பியை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவரின் அண்ணனிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. ஒரு திருத்தம் மட்டும் கேட்டேன். என் கணவர் பெல்ட்டைக் கழற்றிய இடத்தில், எழுதிய காவலர் வழக்கப்படி 'கவனக்குறைவாக' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)
இறந்தவரின் மனைவி