ஷிப்ட்டு முடிஞ்சா ஆஃப்

போட முடியும் சார், யாரு முடியாதுன்னது? அஞ்சு நிமிசம் கூட ஆவாது. உங்க பொண்ணு யாருகிட்ட பேசுறா, எங்க போறா, இன்னா மெசேஜ் வருது, எல்லாம் உங்க போனுக்கு வந்துடும். அவ போன்ல இப்டி ஒரு ஆப்பு இருக்குறதே அவளுக்குத் தெரியாது. நான் போட மாட்டேன், அவ்ளோதான்.

ஒக்காருங்க. மழ தூறுது, மாதனூர் பஸ்ஸு இப்ப கூட்டமாத்தான் வரும்.

சரி, போனு நீங்க வாங்கிக் குடுத்தது. சிம்மு உங்க பேர்ல. பொண்ணுக்கு இன்னா வயசு? இருபத்திமூணா? பத்து வயசுப் புள்ளன்னா நானே போட்டுக் குடுப்பேன். அதுவும் பக்கத்துல ஒக்கார வச்சி, இது இன்னின்னதப் பாக்கும்மான்னு சொல்லிட்டுத்தான். நீங்க இருபத்திமூணு வயசுப் பொண்ணுகிட்ட டிஸ்ப்ளே மாத்தணும்னு பொய் சொல்லி வாங்கிக்கினு வந்திருக்கீங்க. டிஸ்ப்ளேல ஒரு கீறல் கூட இல்ல.

கோவிச்சிக்காதீங்க. எனக்கு இந்த வேல தெரியும். இந்த செல்போன் கட போடறதுக்கு முன்னால ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில ஆறு வருசம் சிஸ்டம் டிபார்ட்மெண்ட்ல இருந்தேன். ஷூவோட மேல்பாகம் தைக்கிற வேலைய ஆலங்காயம் பக்கமெல்லாம் சின்னச் சின்ன யூனிட்டுக்குக் குடுப்பாங்க. குவாலிட்டி ஆளுங்க அங்க போயி செக் பண்ணி போட்டோ அனுப்பணும். அதுக்குன்னு கம்பெனி போன் குடுத்திருந்தாங்க, நாப்பது பேருக்கு. நெஜமா அங்க போனாங்களான்னு தெரியணுமில்ல? நாப்பதுலயும் ஒரு ட்ராக்கிங் ஆப்பு. அத்தப் பாத்துக்குறது நான்.

ஒளிச்செல்லாம் வைக்கல. ரூல் எழுதுனதே நான்தான். ஷிப்ட்டு நேரத்துல எங்க இருக்கீங்கன்னு பாக்கும், பேசுறதக் கேக்காது, ஷிப்ட்டு முடிஞ்சா ஆஃப். தமிழ்ல அடிச்சி, எல்லாரையும் கேன்டீன்ல ஒக்கார வச்சி, படிச்சிக் காட்டித்தான் கையெழுத்து வாங்குனேன்.

அன்னிக்கு சோபனான்னு ஒருத்தங்க எழுந்து கேட்டாங்க. ஷிப்ட்டு முடிஞ்சி நான் எங்க போனாலும் இதுக்குத் தெரியாதில்ல தம்பி? எல்லாரும் சிரிச்சாங்க. நீ எங்கடி போவப் போற, சினிமாவுக்கான்னு ஒருத்தி கேட்டா. சோபனா சிரிக்கல. தெரியாதுன்னேன். சத்தியமான்னாங்க. சத்தியமான்னேன்.

வெயில் காலத்துலயும் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கினு வருவாங்க சார். வீட்டுக்காரன் அடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவங்க சொந்தப் போன தெனம் புடுங்கி நோண்டுவாரு அந்தாளு. கம்பெனி போனு மட்டும் பாஸ்வேர்டு, தொறக்க முடியாது. அதுலதான் சத்துவாச்சாரில நசீமுன்னிசான்னு ஒரு வக்கீலம்மாகிட்ட பேசிக்கினு இருந்தாங்க. அந்தாள டைவர்ஸ் பண்ணிட்டு வந்துடலாம்னு. சனிக்கிழம அர ஷிப்ட்டு. முடிஞ்சதும் பஸ் ஏறி அங்க போவாங்க. இதெல்லாம் எனக்கு அப்பறமாத்தான் தெரியும்.

அந்தாளு எங்கிட்ட வந்தாரு. இப்ப நீங்க ஒக்காந்திருக்கீங்களே, இதே மாதிரிதான், ரெண்டு கையையும் மடில வச்சிக்கினு. சனிக்கிழம ஆனா எங்கியோ போறா, எவனோ இருக்கான், குடும்பம் நாசமாப் போவுது, நீ நெனச்சா முடியும்னு அழுதாரு. அழுதா மனசு கேக்குதா? எனக்குக் கேக்கல.

ஒரே ஒரு டிக்கு சார். நாப்பது பேர்ல ஒருத்தங்களுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாட எடுத்துட்டேன். மூணு சனிக்கிழம பாத்தேன். மூணு தபாவும் அதே தெரு, அதே வீடு, ரெண்டு மணி நேரம். மேப்புல ஒரு புள்ளி நிக்கும், அவ்ளோதான். அது வக்கீல் வீடுன்னு புள்ளி சொல்லுமா? எவன் வீடோன்னு நானும்தான் நெனச்சேன். போட்டோ புடிச்சி அந்தாளுக்கு அனுப்பிச்சேன்.

நாலாவது சனிக்கிழம அந்தாளு அந்த வீட்டு கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாரு. இவங்க கைல பேப்பரோட வெளிய வர்றாங்க. படியில இருந்து இழுத்துக் கீழ போட்டு, வலது கைய மிதிச்சாரு. வக்கீலம்மா கத்திக்கினு ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. மணிக்கட்டு போச்சி. ரெண்டு விரலு இன்னிக்கும் மடங்காது. குவாலிட்டில தையல விரலால தடவித்தான் பாக்கணும் சார், கண்ணுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரில போயி நின்னேன். என்னப் பாத்து இன்னா கேட்டாங்க தெரியுமா? அந்தப் போனு எதாச்சும் ரிப்பேரா தம்பி? அப்டிக் கேட்டாங்க சார். நான் பண்ணியிருப்பேன்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. வெளிய வந்துட்டேன். கம்பெனில பாத்தாங்க, டிக்கு எடுத்தது என் லாகின். அன்னிக்கே வெளிய போன்னுட்டாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

நீங்க அப்டிப்பட்ட ஆளு இல்ல, தெரியுது. ஆனா நேராக் கேளுங்களேன், யாருகிட்டம்மா பேசுறன்னு. பொண்ணுகிட்ட கேக்கப் பயம், என்கிட்ட கேக்கப் பயமில்ல, இல்ல? இந்தாங்க போனு. ஆன் பண்ணிக் கூடப் பாக்கல.

இன்னா? முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எப்டிப் போட்டுக் குடுத்தேன்னா? தெரியாதவன் வந்து கேட்டிருந்தா உங்ககிட்ட சொன்னதத்தான் சொல்லி அனுப்பிச்சிருப்பேன். எங்கண்ணன் சார். கூடப் பொறந்தவன். சோபனா எனக்கு அண்ணி.

எதேச்சையா அந்தத் தெருவுல போனேன், அவளே கால் தவறி வுழுந்துட்டான்னு அண்ணன் கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கான். அந்த ஆப்பு தானா ஓடிடுச்சி, அண்ணனுக்கு நான் ஒண்ணும் அனுப்பலன்னு நீ சொல்லிடுடான்னு அம்மா கால்ல வுழாத கொறையாக் கேக்குது. வர்ற திங்கக்கிழம வேலூர் கோர்ட்டுல என்ன சாட்சிக் கூண்டுல ஏத்துவாங்க. அதான், நடந்தத எங்கயும் முழுங்காம கடைசி வரைக்கும் சொல்ல வருதான்னு பாத்தேன். வந்துடுச்சி.