முதுகு நல்லாயிருச்சு, அதான் பிரச்சன

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில், லோரி ஓட்டுநர் ஒருவரும் அவருடைய கூட்டாளியும் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி இளையவர்.

“முதுகு நல்லாயிருச்சு. அதான் இப்ப பிரச்சன,” என்றார் ஓட்டுநர்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“டிஸ்க் பிதுங்கி நரம்ப அழுத்துதுன்னாங்க. கால் மரத்துப்போயி பிரேக்கே மிதிக்க முடியல. திரும்ப லோரி ஓட்டுனா தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். புண்ணியவான் டாக்டர், ஆப்பரேஷன் இல்லாம பயிற்சியிலயே சரியாக்கிட்டாரு. ஆனா பாரம் தூக்குனா மறுபடி பிதுங்கும்ங்கறாரு.”

“அப்ப காவடி வேணாம்லா. வேண்டுதலுக்கு என்ன செய்வீங்க?”

“என் சம்சாரம் பால்குடம் எடுக்குறாளாம். நான் அவ கூட நடந்து வந்தா போதுமாம். நடக்கறது முதுகுக்கும் நல்லதுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. இப்ப குடம் வாங்கத்தான் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போறேன்.”

“வேண்டிக்கிட்டது நீங்க. அண்ணி தூக்குனா கணக்காகுமாண்ணே?”

ஓட்டுநர் அவர் பக்கம் திரும்பினார்.

“போன வருசம் பூரா கட்டில்லேருந்து பாத்ரூமுக்கு என்னைத் தூக்கிட்டுப் போனவ அவதான். குடம் அவளுக்குப் பாரமே இல்லப்பா.”