மதகடியில் எழுதிய இரண்டு பக்கங்கள்

பிற்பகல் இரண்டு நாற்பது. முதலில் கண்ணில் படுவது ஒரு சக்கரம். தனியாக உருண்டு வருகிறது. எங்கள் பஸ்ஸைக் கடந்து கொக்கோ மரங்களுக்குள் விழுகிறது. வெடிச் சத்தம் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. பிறகு வேட்டுகள். விட்டு விட்டு, ஏழு.

"எறங்குங்க! கானுக்குள்ள படுங்க!" கண்டக்டர் இரண்டு மொழியிலும் கத்துகிறார்.

1989. யட்டவத்த வீதி. அரசுக்கு எதிரான தெற்கின் சிங்கள இளைஞர் கிளர்ச்சி எங்கள் மலையடிவாரம் வரை வந்திருந்தது. வடக்கில் வேறொரு போர். நான் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபர். பஸ்ஸுக்கு முன்னால் போன இராணுவ ஜீப் இப்போது இல்லை. இரும்பு மட்டும் புகைகிறது.

வீதியோர வடிகாலான கானில் தவழ்ந்து மதகடிக்குப் போனேன். அங்கே ஜீப்பிலிருந்து தூக்கி வீசப்பட்ட ஒரு மேஜர் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. என் பின்னால் தவழ்ந்து வந்த மாரியாயி, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுகிறார். இரத்தம் நிற்கவில்லை. சுட்டவர்கள் மேலே இன்னும் இருக்கிறார்களா, தெரியாது.

மேஜர் என் சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். "நிருபரா? உனக்கு இன்னைக்கு நல்ல நாள். எழுது." சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வரும். எழுத வராது. அவருடைய சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். மாத்தளைக் கடைகளில் பலர் இப்படித்தான் எழுதுவார்கள்.

முதல் பக்கம் மனைவிக்கு. பல்லேபொல வீட்டு மிளகை மழைக்கு முன் பறித்துவிடு. மகனைப் படைக்கு அனுப்பாதே. வலி இருக்கவில்லை என்று மகளிடம் சொல்.

இரண்டாம் பக்கம் அவருடைய ஆட்களுக்கு. கீழே இருக்கும் ஊருக்குள் போகாதீர்கள். குண்டு வைத்தவர்களைப் பார்த்தேன். அந்த ஊரார் இல்லை. ஒரு வீட்டையும் தொடக்கூடாது. இது என் கட்டளை.

"நாட்டுக்கு?" என்று கேட்டேன். தொழில் பழக்கம்.

"நாட்டுக்கு நீயே ஏதாவது எழுதிக்க. எப்படியும் எழுதத்தான போற."

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தலையசைத்தார். மூன்று ஐந்துக்கு மூச்சு நின்றது.

மூன்று பன்னிரண்டு. லொறிச் சத்தம். பூட்ஸ் சத்தம்.

"பொஸ்தகத்த மறைங்க ஐயா! தமிழெழுத்தப் பாத்தா இங்கயே சுட்டுப்புடுவாங்க!" மாரியாயி அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகினார்.

சார்ஜன்ட் துப்பாக்கி முனையை என் நெற்றியில் வைத்தார். "மேஜர் சேர் ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டார்," என்றேன். அவர் கேட்கவில்லை.

மாரியாயி என்னைப் பார்த்தார். அவர் கை இடுப்புக்குப் போனது. நான் கண்ணால் வேண்டாம் என்றேன். கை நின்றது.

ஐந்து மணிக்குச் சீருடை இல்லாத ஆட்கள் கீழே இருந்த ஊருக்குள் போனார்கள். ஆறு மணிக்கு யட்டவத்தச் சந்தையிலிருந்து புகை தெரிந்தது. நான் சந்தையில் நின்றேன். போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, மாரியாயி திருப்பித் தந்த புத்தகத்தோடு பல்லேபொலவுக்குப் போய், மேஜரின் மனைவிக்கு முதல் பக்கத்தை வாசித்தேன். மிளகு ஏற்கெனவே உதிர்ந்திருந்தது. "வேற ஒண்ணும் சொல்லலியா, மல்லி?" தம்பி என்று என்னை அழைத்துக் கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது தடவை.

ஜீப்பில் செத்தது மேஜரும் மூன்று சிப்பாய்களும். ஊரில் எரிந்தது பதினான்கு வீடுகள். ஒரு மிளகாய் ஆலை. செத்தது ஒன்பது பேர். அதில் ஆறு பேரின் பெயர் எனக்குத் தெரியும். என் பத்திரிகையில் நான்கு சாவுகள் மட்டும் வந்தன. அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

இரண்டாம் பக்கம் என்னிடம் இருக்கிறது. அதன் மூலையில் மாரியாயியின் வெற்றிலைக் கறை.