டாக்டரம்மா பார்க்காத பிரசவம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, டாக்டரம்மாவின் அன்புக் கணவர் அவர்களே, மகளே, வார்டில் ஆள் மாற்றிவிட்டு ஓடிவந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம். தலைமைச் செவிலியராகப் பத்தொன்பது ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்ற உரிமையில் பேசுகிறேன்.

சென்ற வாரம் மாரடைப்பு பறித்துக்கொண்ட நம் மகப்பேறு பிரிவுத் தலைவர் எத்தனை ஆயிரம் பிரசவம் பார்த்தார் என்று எல்லோரும் சொன்னீர்கள். அவர் பார்க்காத ஒரு பிரசவத்தை நான் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு அவர் காணாமல் போகத் தொடங்கினார். திரும்பும்போது தலைமுடி ஈரமாக இருக்கும். எங்கே போகிறார்? உடம்புக்கு ஏதாவதா? நாங்கள் மண்டையைக் குடைந்துகொண்டோம். கணவரிடம் கேட்டால் சிரித்து மழுப்பினார்.

அப்படி ஒரு புதன்கிழமை, பிள்ளை பெற்ற தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மாவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. துணை மருத்துவரே துணிந்து இறங்கினார். முக்கால் மணி நேரம் போராடி அந்தத் தாயைக் காப்பாற்றினார்.

மறுவாரம் கோபத்தோடு அவர் பின்னாலேயே போனேன். எங்கே? நீச்சல் குளத்துக்கு! இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தார். பயிற்சி தரும் பெண் அதட்டினாள். நம்மையெல்லாம் அதட்டும் அம்மா, திட்டு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கரையேறியவரிடம், போன வாரம் போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டே விட்டேன்.

“நம்ம துணை டாக்டருக்கு ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கேன், அவளால முடியும்னு தெரிஞ்சுதான் போனேன்” என்றார். “இருந்தாலும் போன் அடிச்சா எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது என் தப்பு. ஆனா இது எனக்கு வேணும் சிஸ்டர். தண்ணிக்குள்ள இருக்கும்போதுதான் நான் யாருக்கும் டாக்டர் இல்ல.”

அன்றே குளத்து அலுவலக எண்ணை என்னிடம் எழுதிக் கொடுத்தார். அதன்பின் எத்தனை புதன்கிழமைகள்! ஒருமுறைகூட நான் அந்த எண்ணை அழைக்க நேரவில்லை. துணை மருத்துவர் இருந்தார். அடுத்து அம்மா பழக்கிய இன்னும் இருவர் இருந்தார்கள். சென்ற ஆண்டு டாக்டரம்மா குளத்தின் முழு நீளத்தையும் நிற்காமல் நீந்தினார். அன்று வார்டு முழுவதற்கும் இனிப்பு கொடுத்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

அவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? படம் மாட்டினால் போதுமா? இந்த வாரப் பணி அட்டவணையில் முப்பத்தோரு பேருக்கும் தனக்கென்று ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, யாருக்குப் பதில் யார் என்றும் எழுதிவிட்டோம். துணை மருத்துவர் கையெழுத்திட்டுவிட்டார். இயக்குநர் அவர்களே, எங்கே போகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் முறை வெள்ளிக்கிழமை. எனக்கு என்ன பிடிக்கும் என்று இந்த ஐம்பத்தாறு வயதில் எனக்கே தெரியவில்லை. போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.