இசக்கியம்மா வீட்டுச் சுவரில் கட்டிய பேனர்

...அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க தம்பி, என் பேப்பரெல்லாம் பறக்குது. சரி, பிரசங்கம் கிடக்கட்டும். குட்டியா ஒரு சம்பவம் சொல்றேன், கேளுங்க. கட்டுக்கதை இல்ல. இதுல வர்ற முட்டாளை எனக்கு நல்லாத் தெரியும். தினமும் காலையில கண்ணாடியைப் பார்த்து அவனுக்குச் சவரம் பண்ணி விடுறவன் நான்தான்.

போன மார்கழி வெள்ளம் ஞாபகம் இருக்குல்ல? ஆறு ஊருக்குள்ள வந்து, மூணு நாள் விருந்தாளி மாதிரி தங்கிட்டுப் போச்சு. எட்டாம் நாள் நம்ம சபையிலிருந்து பதினெட்டு பேர் வேன்ல புறப்பட்டோம். எல்லாரும் வெள்ளை உடுப்பு. போறது சேத்துக்குள்ள... போட்டிருக்கிறது வெள்ளை வெளேர்னு. ஏன்? ஊழியத்துக்குப் போனா நமக்கு அதான் பழக்கம்.

வேன்ல என்ன இருந்துச்சு? முந்நூறு பெட்ஷீட் இருந்துச்சு. ரொட்டி இருந்துச்சு. மைக் செட் இருந்துச்சு. பத்தடிக்கு எட்டடி பேனர் இருந்துச்சு. அதுல 'வெள்ள நிவாரண ஊழியம்'னு சின்னதா எழுதி, பக்கத்துல என் படம்... பெரிசா. மண்வெட்டி இருந்துச்சா?

...இல்ல.

தெருவுல முதல் வீடு இசக்கியம்மாங்கிறவங்க வீடு. ஐம்பது வயசு இருக்கும். வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு. சேலையைத் தூக்கிச் செருகிட்டு, ஒரு அலுமினியச் சட்டியால அள்ளி அள்ளி வெளியே கொட்டிட்டிருந்தாங்க. நாங்க என்ன பண்ணினோம்? அவங்க வீட்டுச் சுவத்துல பேனரைக் கட்டினோம். "வாங்கம்மா, ஜெபிக்கப் போறோம்"னு கூப்பிட்டோம். பாவம், சட்டியை வச்சிட்டு வந்தாங்க.

நம்ம செயலாளர் ஞானசிகாமணி அண்ணன் வரவேற்புரை. சிரிக்காதீங்க அண்ணே, நீங்க கால் மணி நேரம் பேசுனீங்க. அவங்க வீட்டு வாசல்ல அவங்களையே வரவேற்றீங்க. அப்புறம் ரெண்டு பாட்டு. அப்புறம் நான்.

கண்ணை மூடினேன். ஊருக்காக ஜெபிச்சேன். ஆத்துக்காக, அணைக்காக, அரசாங்கத்துக்காக, தேசத்துக்காக... பக்கத்து தேசத்தையும் விடல. நடுவுல 'சளக்... சளக்'னு ஒரு சத்தம். ஆவியானவர் அசைவாடுறார்னு நினைச்சேன். "ஆமென்"னு கண்ணைத் திறந்தா... அம்மாவைக் காணோம். உள்ளே சேறு அள்ளிட்டிருக்காங்க!

ஆமென் சத்தம் காதுல விழுந்ததும் சட்டியைக் கீழ வச்சாங்க. முந்தானையில கையைத் துடைச்சாங்க. நேரா வந்து பேனருக்கு வலது பக்கமா நின்னாங்க.

"போட்டா எடுத்துக்கிடுங்கய்யா. எனக்கு சோலி கெடக்கு."

"போட்டோன்னு நாங்க சொல்லவே இல்லையேம்மா?"

"நீங்க அஞ்சாவது கூட்டம்லா. ஆமென்னு சொன்னா அடுத்து போட்டாதான்."

பெட்ஷீட் கொடுத்தோம். வாங்கிட்டுப் போய், பரண்ல இருந்த நாலு பெட்ஷீட் மேல வச்சாங்க. அப்பவாவது எனக்குப் புத்தி வந்துச்சா? இன்னும் எதுக்கு ஜெபிக்கலாம்னு, "ஏதாவது ஜெபக்குறிப்பு இருக்காம்மா?"ன்னு கேட்டேன்.

"குறிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. வெள்ளத்துக்கு முந்தின நாள்தான் மருமவ பிள்ளை பெத்தா. பச்ச ஒடம்புக்காரி, பள்ளிக்கூடத்துல நூறு பேரோட தரையில கெடக்கா. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்காவளாம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாவ. இந்தச் சேத்துலயாய்யா கொண்டாந்து போடுவேன் பிள்ளைய?"

அதுவரைக்கும் திடமா இருந்த குரல், அங்க உடைஞ்சு போச்சு.

மணியைப் பார்த்தேன். பதினொண்ணு. நாங்க வந்தது எப்போ? ஒன்பதரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரம் யாரோடது? எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சுங்க. இன்னைக்கும் வெக்கம்தான்.

அம்மா பேனரையே பார்த்தாங்க. "இதைத் தருவியளா?"ன்னாங்க. ஞாபகத்துக்கு வச்சுக்கக் கேக்குறாங்கன்னு நினைச்சேன். பாருங்க, அப்பவும்! "தாராளமா எடுத்துக்கங்கம்மா"ன்னேன்.

கழட்டினாங்க. உள்ளே கொண்டுபோய் விரிச்சாங்க. என் படம் மேல பார்த்தபடி. முதல் சட்டிச் சேறு... என் நெத்தியில.

ஞானசிகாமணி அண்ணன் பதறிட்டார். "அம்மா, அம்மா, அது எங்க பாஸ்டர்!"

"யாரா இருந்தா என்னய்யா? மூலையப் பிடிச்சு இழுங்க!"

பேனர்ல சேறு குவிஞ்சதும் நாலு பேர் நாலு மூலையைப் பிடிச்சோம். ஒரே இழுப்பு... முப்பது சட்டிச் சேறு வெளியே. ரொட்டி டிரேயால அள்ளினோம், கையால அள்ளினோம். பதினெட்டு வெள்ளை உடுப்பும் ஒரே நிறம். நாலு மணிக்குத் தரை தெரிஞ்சுது. கழுவித் துடைச்சோம்; அம்மா கை கழுவிட்டு அஞ்சு பெட்ஷீட்டையும் கட்டில்ல விரிச்சாங்க. அஞ்சரை மணிக்கு இசக்கியம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிட்டு வாசப்படி ஏறுனாங்க, பின்னால மருமக. யாரும் போட்டோ எடுக்கல. எல்லார் கையும் சேறு.

பேனரைத் திருப்பிக் கேட்டோம். அது எங்களுக்கு முன்னாடியே அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு. இன்னும் திரும்பி வரல.

இதை ஏன் இன்னைக்குச் சொல்றேன்? இந்த வருஷமும் வெள்ளம் வந்திருச்சு. நாளைக்குக் காலையில வேன் புறப்படுது. ஜெபம் வேண்டாமா? வேணும். வேண்டாம்னு சொன்னா என் வேலை போயிரும். ஆனா, ஒரு மணி நேரம் ஆண்டவரோட பேசின நான், பத்தடி தள்ளி நின்ன அம்மாகிட்ட "என்ன வேணும்?"னு கேக்கலையே! ஆண்டவர் பதிலை அங்கதானே வச்சிருந்தார்? போன உடனே கேளுங்க. கேட்டதைச் செய்யுங்க. கையில சேறு ஒட்டின பிறகு ஜெபிங்க... ஜெபம் தானாச் சுருக்கமா வரும். அன்னைக்கு சாயங்காலம் நான் ஜெபிச்சது ரெண்டே வரி.

வரும்போது ஆளுக்கொரு மண்வெட்டி கொண்டு வாங்க. கமிட்டியில கேட்டாங்க, இந்தத் தடவை பேனர் அடிக்கலாமா வேண்டாமான்னு. அடிங்க. பெரிசா அடிங்க. என் படமும் போடுங்க. இருபது வருஷ ஊழியத்துல என் முகம் ஒரு வீட்டுக்குப் பிரயோஜனப்பட்டது அன்னைக்கு ஒரு நாள்தான்.

நாலு மூலையிலயும் கயிறு மட்டும் கெட்டியா இருக்கட்டும்.